என்ன மருந்து?

டெல்டா மாவட்டம் ஒன்றில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. இரவு ஒன்பதரை மணி. ஆட்டோவிலிருந்து ஓர் இளைஞனை இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. வெளியே மழை இல்லை, அத்தனையும் வியர்வை. வாயோரம் நுரை. பக்கத்தில் போனால் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு நெடி.

"எம் மவன் மருந்து குடிச்சுட்டான் சார்" என்கிறார் பின்னால் ஓடி வரும் பெரியவர்.

"என்ன மருந்துங்க அய்யா? டப்பா கொண்டாந்தீங்களா?"

"வயலுக்கு அடிக்கிற மருந்துதாங்க."

குறிப்பிட்ட ஓர் ஊரில் நடந்த கதை இல்லை இது. நெல் விளையும் எந்த மாவட்டத்திலும், எந்த இரவிலும் நடக்கக்கூடியது. பல இரவுகளைச் சேர்த்து ஓர் இரவாக இங்கே எழுதியிருக்கிறேன்.

நம் மொழியில் ஒரு விசித்திரம் உண்டு. நோயைத் தீர்ப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து. செய்தித்தாள் 'விஷம் குடித்தார்' என்று எழுதும். கிராமத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள், 'மருந்து குடிச்சுட்டான்' என்றுதான் சொல்வார்கள். அதனால் டாக்டர் கேட்ட 'என்ன மருந்து' என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உள்ளே போனது என்ன மருந்து? அதற்கு நாம் கொடுக்க வேண்டியது என்ன மருந்து?

வாசலில் நிற்கும் உறவினர்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நஞ்சுக்கும் எங்கோ ஒரு முறிவு இருக்கிறது, அது கிடைத்துவிட்டால் பிழைத்துவிடுவான் என்ற நம்பிக்கை. பாம்புக்கடிக்கு ஊசி இருக்கிறதே, இதற்கு இருக்காதா? கடந்த முப்பது ஆண்டுகளில், பெரும்பாலும் இலங்கையின் நெல் மாவட்டங்களில், இந்த நம்பிக்கையை மருத்துவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். இந்த அத்தியாயம் அந்தச் சோதனைகளின் கதை.

மூச்சு முதலில்

அதற்கு முன் கோபன்ஹேகனுக்கு ஒரு முறை போய்வர வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர்கள் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். அந்தக் காலத்து பார்பிட்யூரேட் வகை மாத்திரைகள் மூச்சையே அடக்கிவிடக்கூடியவை. தூக்கத்தில் ஆழ்ந்தவரை எழுப்ப வேண்டும் என்பதே அன்றைய வைத்தியத்தின் தர்க்கம். மூளையைத் தூண்டும் மருந்துகளை ஊசி வழியே ஏற்றினார்கள். அவையே வலிப்பையும் இதயக் கோளாறையும் கொண்டுவந்தன. ஐந்தில் ஒருவர் வரை இறந்தார்கள்.

1949-ல் கோபன்ஹேகனின் பிஸ்பெபியர்க் ஆஸ்பத்திரியில் கார்ல் கிளெமெசென் என்ற மருத்துவர் நஞ்சு நோயாளிகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். தூண்டும் மருந்துகளை நிறுத்தினார். மூச்சுக்குழாயைத் திறந்து வைத்தார்கள், சளியை உறிஞ்சினார்கள், இரத்த அழுத்தத்தைக் காத்தார்கள், படுக்கையில் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். மீதியை நோயாளியின் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொண்டன. இறப்பு நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்கு இறங்கியது. முறிவு மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மருத்துவ உலகம் இதை ஸ்காண்டிநேவிய முறை என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் அழைப்பதன் வேர்களில் ஒன்று இது.

நஞ்சு சிகிச்சையின் பெரும் பகுதி இன்றும் இதுதான். உடம்பு தன் வேலையை முடிக்கும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பது. நம் இளைஞனுக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் நடப்பது அதுவே. இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள். வாயில் ஊறும் நீரை உறிஞ்சுகிறார்கள். ஆக்சிஜன் வைக்கிறார்கள். நனைந்த உடையைக் கழற்றி உடம்பைக் கழுவுகிறார்கள், ஏனென்றால் இந்த மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும்.

மடை அடைப்பவன்

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்று ஒரு பெரிய குடும்பம் உண்டு. அது உடம்பில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவர்களுக்கு அதிக நேரம் ஆகாது.

ஒரு நரம்பு தன் செய்தியைத் தசைக்கோ சுரப்பிக்கோ சொல்ல வேண்டுமானால் ஒரு துளி வேதிப்பொருளை விடுகிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். ஆஸ்திரியாவின் ஓட்டோ லோவி 1921-ல் தவளை இதயங்களை வைத்து இப்படி ஒரு பொருள் உண்டு என்று நிறுவினார். மடை திறந்ததும் வயலுக்குத் தண்ணீர் பாய்வது போல அது பாய்கிறது. பாய்ந்தது போதும் என்றதும் மடையை அடைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் வேலையை முடித்துவிட்டு அடுத்த மடைக்குத் தயாராகும் ஆள்.

பூச்சிமருந்து அந்த ஆளின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பூச்சிக்கும் இதே நொதி உண்டு, அதனால்தான் பூச்சி சாகிறது. மனிதனுக்குள் போனால் எல்லா மடைகளும் ஒன்றாகத் திறந்து கிடக்கும். வியர்வைச் சுரப்பிக்குப் பாய்ந்தால் சட்டை நனைகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் பாய்ந்தால் நுரை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. இதயம் மெதுவாகிறது. நுரையீரலின் குழாய்களில் நீர் சுரந்து நிரம்புகிறது. நோயாளி தரையில் படுத்திருந்தபடியே தன் நெஞ்சுக்குள் மூழ்குகிறார். இன்னொரு பக்கம் தசைகளின் மடைகளும் திறந்து கிடப்பதால் அவை முதலில் துடிக்கின்றன, பிறகு ஓய்ந்து போகின்றன.

அக்குள் உலரும் வரை

இந்த வெள்ளத்துக்கு எதிராக மருத்துவரிடம் இருக்கும் பழைய ஆயுதம் அட்ரோபின். பெல்லடோனா என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து வந்த மருந்து. நம் ஊர் வேலியோர ஊமத்தையும் அதே குடும்பம். அதன் விதையிலும் இலையிலும் இருப்பவை அட்ரோபினின் நெருங்கிய உறவுகள்.

அட்ரோபின் மடை அடைப்பவனின் கைக்கட்டை அவிழ்ப்பதில்லை. வயலின் வாய்மடையில் போய் உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிறது. வாய்க்காலில் வெள்ளம் ஓடிக்கொண்டே இருக்கும், வயல் மட்டும் மூழ்காது. வெள்ளம் எவ்வளவோ அவ்வளவு அட்ரோபின் வேண்டும். இங்கேதான் பழக்கமில்லாத மருத்துவரின் கை நடுங்கும். மற்ற நோய்களுக்கு ஓர் ஆம்பூல், அதாவது 0.6 மில்லிகிராம், போட்டுப் பழகியவர் அவர். இலங்கையில் கணக்கெடுத்தபோது, ஒரு நோயாளியை நிலைக்குக் கொண்டுவர மட்டும் சராசரியாக 23 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டது. கிட்டத்தட்ட நாற்பது ஆம்பூல். சிலருக்கு அதைப் போல மூன்று மடங்கு.

எவ்வளவு என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பது முக்கியம். சதுரங்கப் பலகையில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போன கதை நமக்குத் தெரியும். அதே கணக்குதான் இங்கே உயிர் காக்கிறது. முதலில் 1.8 மில்லிகிராம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்துப் போதவில்லை என்றால் 3.6. அடுத்த ஐந்தில் 7.2. அடுத்து 14.4. கால் மணி நேரத்தில் மொத்தம் 27 மில்லிகிராம் போய்ச் சேர்ந்துவிடும். இரட்டிக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 1.8 மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் அதே 27-ஐ எட்ட எழுபது நிமிடம் ஆகும். நெஞ்சில் நீர் நிரம்பிக்கொண்டிருப்பவருக்கு எழுபது நிமிடம் கிடையாது.

கணக்குப் போட்டதோடு விடவில்லை. வங்காளதேசத்தின் சிட்டகாங் மருத்துவக் கல்லூரியில் சுமார் 150 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் விட்டு விட்டு ஊசி. இன்னொரு பிரிவுக்கு இரட்டிக்கும் அளவு, பிறகு டிரிப்பில் தொடர் சொட்டு. 2012-ல் வெளிவந்த முடிவு: வழக்கமான முறையில் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் இறந்தார்கள், இரட்டிக்கும் முறையில் 8 பேர். மருந்து ஒன்றே, விலையும் ஒன்றே, கொடுத்த விதம் மட்டும் வேறு.

எப்போது நிறுத்துவது? அதற்கு ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ வேண்டாம். ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சின் களகளப்பு அடங்கிவிட்டதா, நாடி 80-ஐத் தாண்டியதா, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-ஐத் தாண்டியதா, கண்மணி விரிகிறதா, அக்குள் உலர்ந்துவிட்டதா என்று ஐந்து கேள்விகள். கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்தமானது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர் நோயாளியின் அக்குளில் விரலை வைத்துப் பார்க்கிறார். ஈரமாக இருந்தால் இன்னும் மருந்து. உலர்ந்திருந்தால் சொட்டின் வேகத்தைக் குறைக்கலாம். கோடி ரூபாய் இயந்திரம் இல்லாத ஆஸ்பத்திரியிலும் விரல் இருக்கிறது.

விரல் வைத்துப் பார்க்காமல் விட்டால் மறுபக்கம் கவிழும். அளவு மீறிய அட்ரோபின் மனிதரை ஊமத்தை தின்றவர்போல ஆக்கிவிடும். காய்ச்சல் அடிக்கும், வயிற்றில் குடலோசை நின்றுவிடும், இல்லாத பூச்சியைக் காற்றில் பிடிப்பார். கட்டிலோடு கட்டிப்போட்டால், மின்விசிறி சுழலாத வார்டில் அந்தச் சூடே ஆபத்து. அதனால்தான் இந்தச் சிகிச்சையை ஊசி போட்டுவிட்டு நகர்ந்துவிடும் வேலையாக எடுத்துக்கொள்ள முடியாது. கால் மணிக்கு ஒருமுறை பக்கத்தில் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும்.

அவிழாத கட்டு

மடை அடைப்பவனின் கைக்கட்டையே அவிழ்த்துவிட்டால்? அந்த எண்ணத்தில் 1950களில் பிறந்ததுதான் பிராலிடாக்சிம். வேதியியல் சோதனைக் குழாயில் அது அழகாக வேலை செய்தது. கட்டிப்போட்ட நொதியை விடுவித்தது. பாடநூல்கள் அதை முறிவு மருந்து என்றே எழுதின. நேரம் ஆக ஆகக் கட்டு இறுகிப்போகும், அப்புறம் அவிழாது என்பதால் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1990களில் நடந்த ஆய்வுகளில் எதிர்பார்த்த நன்மை தெரியவில்லை. மகாராஷ்டிராவின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வோ, தொடர்ச்சியாக அதிக அளவில் கொடுத்தால் இறப்பு வெகுவாகக் குறைகிறது என்றது. 2009-ல் இலங்கையிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. 235 நோயாளிகளில் ஒரு பாதிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவில் பிராலிடாக்சிம், மறு பாதிக்கு வெறும் உப்புநீர். இரத்தத்தில் நொதி மீண்டது நிஜம். ஆனால் பிராலிடாக்சிம் பெற்றவர்களில் நூற்றுக்கு 25 பேரும், உப்புநீர் பெற்றவர்களில் 16 பேரும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொல்லும். இருந்தாலும் காப்பாற்றுகிறது என்று யாரும் அந்த எண்களைக் காட்டிச் சொல்ல முடியாது. இன்றும் இது முடியாத வழக்கு. சில ஆஸ்பத்திரிகள் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. சோதனைக் குழாயில் அவிழ்ந்த கட்டு மனிதரில் அவிழ்ந்தாலும், அவர் பிழைப்பாரா என்பது வேறு கேள்வி என்று மருத்துவம் கற்றுக்கொண்டது.

தலையணையிலிருந்து தலை

இரண்டாம் நாள் காலை நம் இளைஞன் கண் விழித்துவிட்டான். அக்குள் உலர்ந்திருக்கிறது. தண்ணீர் கேட்கிறான். அப்பாவுக்கு முகம் மலர்கிறது. 'ஜெனரல் வார்டுக்கு மாத்திடலாமா சார்?' என்று கேட்கிறார்.

டாக்டர் பதில் சொல்லாமல் இளைஞனிடம் குனிகிறார். "தம்பி, தலையணையிலேர்ந்து தலையை மட்டும் தூக்குப்பா."

அவனால் முடியவில்லை.

1987-ல் நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லிடேயும் இலங்கையில் கண்ட பத்து நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்த நிலைக்குப் பெயர் கொடுத்தது. முதல் வெள்ளம் வடிந்த பிறகு, 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசையும் தோள் தசையும் கண் நரம்புகள் இயக்கும் தசைகளும் தளர்ந்துபோகின்றன. அடுத்தது மூச்சுத் தசை. ஆரம்ப வெள்ளத்துக்கும் பல வாரம் கழித்து வரும் நரம்புச் சேதத்துக்கும் நடுவில் வருவதால் இடைநிலை நோய்க்குறி என்று அழைத்தார்கள். புனேயில் வாடியாவும் அவருடைய குழுவினரும் 1974-லேயே இப்படிப்பட்ட தளர்ச்சியை விவரித்திருந்தார்கள்.

அட்ரோபின் இதில் உதவாது. அது காவல் காக்கும் வாய்மடைகள் சுரப்பிகளிலும் இதயத்திலும் இருப்பவை. கை, கால், கழுத்து, மூச்சுத் தசைகளுக்குப் போகும் வாய்மடை வேறு ரகம். அதனால்தான் வியர்வை நின்று, தெளிவாகப் பேசும் நோயாளி, மூன்றாம் நாள் இரவில் யாரும் கவனிக்காதபோது மூச்சு நின்று போகிறார். தலையைத் தூக்க முடியாதவரை வெண்டிலேட்டர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், சில நாள், சில சமயம் இரண்டு மூன்று வாரம், இயந்திரம் மூச்சு விடும். பிறகு தசை தானாகவே திரும்பும். கோபன்ஹேகன் பாடம் மறுபடியும்.

கரியும் குழாயும்

நஞ்சு குடித்தவரைக் கண்டதும் எல்லாருக்கும் தோன்றுவது, உள்ளே போனதை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதே. கிராமத்தில் உப்புக் கரைசலை ஊற்றுவார்கள், புளித்தண்ணீர் ஊற்றுவார்கள். மயங்கிக்கொண்டிருப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். பிழைத்திருக்க வேண்டியவர் நிமோனியாவில் போவார்.

ஆஸ்பத்திரியிலும் அதே பதற்றம் குழாய் வடிவத்தில் இருந்தது. வயிறு கழுவுவது என்பது சடங்கு போல நடந்தது. இலங்கையின் நான்கு ஆஸ்பத்திரிகளில் தொடர்ச்சியாக 14 முறை வயிறு கழுவப்படுவதை ஆய்வாளர்கள் பக்கத்தில் நின்று பார்த்து எழுதினார்கள். கை கால்களைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்குழாய்க்குக் காவல் இல்லாமல், அளவில்லாத தண்ணீரை ஊற்றிச் செய்யும் கழுவலே ஆபத்தாக முடிவதைக் கண்டார்கள். கழுவுவதில் ஏதோ தண்டனையின் சாயலும் இருந்தது என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கரி நாகரிகமான வழி. நுண்துளைகள் நிறைந்த கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், குடலில் இருக்கும் நஞ்சு கரியோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும். சோதனைக் குழாயில் இதற்கும் அழகான சாட்சி உண்டு. மனிதரில்?

2002-க்கும் 2004-க்கும் இடையில் அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் ஆஸ்பத்திரிகளில் 4,632 நோயாளிகளைச் சேர்த்து ஒரு சோதனை நடந்தது. மைக்கேல் எடில்ஸ்டன் என்ற பிரிட்டன் மருத்துவரும் இலங்கை மருத்துவர்களும் நடத்தியது. நஞ்சு சிகிச்சையின் வரலாற்றில் அதுவரை இவ்வளவு பெரிய சோதனை இல்லை. சிலருக்குக் கரி இல்லை, சிலருக்கு ஒரு முறை, சிலருக்குப் பல முறை. 2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பல முறை கரி பெற்றவர்களில் இறந்தவர் நூற்றுக்கு 6.3, கரியே பெறாதவர்களில் 6.8. ஒரு முறை பெற்றவர்களும் அதே வட்டாரத்தில். சீக்கிரம் வந்தவர்களிலும் வேறுபாடு தெரியவில்லை. தொலைவிலிருந்து பல மணி நேரம் கழித்து, சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டு வருபவருக்கு, குடலில் பிடிக்க எதுவும் மிச்சமில்லை என்பது ஒரு விளக்கம்.

யாழ்ப்பாணத்து அலரி

மஞ்சள் பூப்பூக்கும் அரளி தமிழ்நாட்டில் கோவில் நந்தவனத்திலும் நெடுஞ்சாலை நடுவிலும் நிற்கும். இலங்கைத் தமிழில் அதை அலரி என்பார்கள். 1980-ல் யாழ்ப்பாணத்தில் நடந்த மரணங்கள் செய்தித்தாளில் வந்த பிறகு, அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத அந்த மரத்தின் பெயர் பரவியது. தீவு முழுவதும் ஆஸ்பத்திரிகளுக்கு அலரி நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ஒரு செய்தியை எப்படி எழுதுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது என்று பத்திரிகைக்காரர்களுக்குக் கற்பிக்க இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அலரியின் நஞ்சு இதயத்தின் தாளத்தைக் குலைக்கும். பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். ஆனால் யாருக்கு எப்போது தாளம் தவறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் நாடெங்கும் இருந்து ஆம்புலன்ஸ்கள் கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்கு ஓடின, பேஸ்மேக்கர் பொருத்துவதற்காக.

இந்த ஒரு நஞ்சுக்கு உண்மையான முறிவு இருந்தது. டிகாக்சின் என்ற இதய மருந்து அளவு மீறினால் கொடுப்பதற்காக, ஆட்டின் இரத்தத்தில் உருவாக்கிய எதிர்ப்பொருள். அலரி நஞ்சும் டிகாக்சினும் அமைப்பில் உறவு என்பதால் அது இங்கும் ஒட்டியது. 66 நோயாளிகளிடம் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். எட்டு மணி நேரத்தில், எதிர்ப்பொருள் பெற்ற 34 பேரில் 24 பேருக்கு இதயம் இயல்பான தாளத்துக்குத் திரும்பியது. பெறாத 32 பேரில் ஐவருக்கு மட்டும். இவ்வளவு தெளிவான முடிவு மருத்துவத்தில் அபூர்வம்.

கட்டுப்படியாகாத விலையால் 2002-ல் மருந்து வரத்து நின்றது. நின்ற பிறகு அலரி மரணங்கள் கூடின என்பதையும் அடுத்த ஆண்டே அதே மருத்துவர்கள் எண்ணிக்கையோடு எழுத வேண்டிவந்தது. முறிவு இல்லாத நோய் ஒரு துயரம். முறிவு இருந்தும் வாங்க முடியாத நோய் வேறு வகைத் துயரம்.

மலிவான கரி இடத்தை நிரப்புமா? 2003-ல் கொழும்பில் 401 அலரி நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனை நிரப்பும் என்றது. பல முறை கரி பெற்றவர்களில் இறப்பு நூற்றுக்கு 2.5, மற்றவர்களில் 8. ஆனால் மேலே சொன்ன பெரிய சோதனையில் அந்த நன்மை தெரியவில்லை. இரண்டும் நேர்மையாக நடந்தவைதான். சின்னச் சோதனை காட்டும் நம்பிக்கையைப் பெரிய சோதனை சில நேரம் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

டப்பாவில் இருந்தது

இத்தனை சோதனைகளுக்கு நடுவில், முதல் கேள்விக்கான பதில் ஒரு நோட்டில் சேர்ந்துகொண்டே வந்தது. வந்தவர் குடித்தது எந்த மருந்து? 'பூச்சிமருந்து' என்று பொதுவாக எழுதாமல், டப்பாவைப் பார்த்தும் இரத்தத்தைச் சோதித்தும் பெயரோடு எழுதினார்கள். 802 பேரின் கணக்கு 2005-ல் வெளியானது. மூன்று ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள். மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் நச்சுத்தன்மையில் ஒரே வகுப்பில் வைத்திருந்தது. அந்த வகுப்பு எலிகளிடம் சோதித்துப் போட்டது. மனிதர்களிடம் கதை வேறாக இருந்தது. ஒன்றைக் குடித்தவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தார்கள், இன்னொன்றில் 23 பேர். அதே வார்டு, அதே டாக்டர்கள், அதே அட்ரோபின். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அது தெரிய வேண்டியது மருத்துவருக்கும் அரசுக்கும்தான்.

களைக்கொல்லி ஒன்றோ எந்தச் சிகிச்சைக்கும் அடங்கவில்லை. அது நுரையீரலைத் தாக்கும் விதம் கொடுமையானது. ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடும். மூச்சுத் திணறுபவருக்கு மூச்சே பகையாகும் நோயில் வார்டு செய்யக்கூடியது அதிகமில்லை.

சிகிச்சையில் வெல்ல முடியாததைக் கடையில் வெல்லலாமே என்று இலங்கை யோசித்தது. 1995-ல் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டு, மிகக் கடுமையான வகுப்பில் எஞ்சியிருந்த பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. 1998-ல் எண்டோசல்பான். வார்டுக் கணக்கு கையில் கிடைத்த பிறகு, 2008-க்கும் 2011-க்கும் இடையில், அந்தக் கணக்கில் முன்னணியில் நின்ற இரண்டும் அந்தக் களைக்கொல்லியும் படிப்படியாக விலக்கப்பட்டன. முதல் தடைக்குப் பிறகு பத்தே ஆண்டில், 2005-க்குள், விகிதம் பாதியாகியிருந்தது. பிறகும் இறங்கியது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நெல் விளைச்சல் தடையால் குறையவில்லை என்றும் கணக்குப் பார்த்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் தடைகளுக்குப் பிறகும் பல ஆண்டுகள் மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. குடும்பச் சண்டை குறையவில்லை, கடன் குறையவில்லை, குடி குறையவில்லை. வந்தவர்களில் பிழைத்துப் போனவர்கள் கூடினார்கள். அவ்வளவுதான் மாற்றம். பிழைத்தவர்களிடம் பேசிப் பார்த்தபோது, பலர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை என்பதும், கைக்கு எட்டியதை எடுத்தார்கள் என்பதும் தெரிந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பொருள் மாறியதும் அந்த அரை மணி நேரத்தின் விலை மாறிவிட்டது.

சரி, தடை செய்யாமல் பத்திரமாகப் பூட்டி வைத்தால் போதாதா? அதையும் சோதித்தார்கள். அனுராதபுரம் மாவட்டத்தின் 180 கிராமங்களில் 53,382 வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போடும் பெட்டி. மூன்று ஆண்டு காத்திருந்து 2017-ல் முடிவைச் சொன்னார்கள்: பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வேறுபாடு இல்லை. பூட்டு இருந்தது, சாவியும் வீட்டில்தான் இருந்தது.

தமிழ்நாட்டிலும் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசைக்கு அரசு தடை விதித்தது. இளம் பிள்ளைகளின் கல்லீரல் கருகுவதை வார்டில் பார்த்துப் பார்த்து மருத்துவர்கள் எழுப்பிய குரலுக்கு அதில் பங்கு உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வரிகள். யாராவது நஞ்சு உட்கொண்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மருந்து பட்ட உடையைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள், உங்கள் கையையும் காத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 108-க்கும் இலங்கையில் 1990-க்கும் அழையுங்கள். டப்பாவை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மனம் தாங்காத வேளையில் பேசுவதற்கு இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள். நம் இளைஞன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். கழுத்து நின்றது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மனநல மருத்துவர் அவனோடு தனியாக ஒரு மணி நேரம் பேசி, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். அப்பா கையில் மருந்துச் சீட்டு.

"வீட்ல மிச்சம் இருக்கிற மருந்தை என்ன செய்யப் போறீங்க அய்யா?" என்று டாக்டர் கேட்கிறார்.

"பீரோல வெச்சுப் பூட்டிடறேங்க சார்."

டாக்டர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். "பூட்டவே வேண்டாங்க. வேளாண்மை ஆபீஸ்ல குடுத்துடலாமான்னு கேளுங்க, வீட்லயே இருக்க வேணாம்" என்றார். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்தார். முதல் நாள் இரவு அவசரத்தில் 'பூச்சிமருந்து' என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, மேசை மேல் இருந்த டப்பாவைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த பெயரை முழுதாக எழுதினார்.